பூக்கட்டிப் பார்த்த கம்ப்யூட்டர்

எங்கள் ஊரான ஈப்போவில் கம்ப்யூட்டரை "வாங்க, எந்திரிங்க" என்று மரியாதை கொடுத்து எழுப்பிய ஒரே மனிதர் ஸ்க்ரூ அண்ணேதான். மற்றவர்கள் பென்சில் செருகும் காதில் அவர் ஸ்க்ரூடிரைவர் செருகியிருப்பார். கல்யாணத்துக்கும் அப்படியே வருவார். தாலி கட்டும் நேரத்தில் மைக் கரகரத்தால் மணவறைக்கே ஏறிவிடுவார். இந்த ஆளைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று சொன்னவர்களும், மெஷின் படுத்துக்கொண்டால் அவரைத்தான் தேடி ஓடுவார்கள்.

எண்பதுகளின் கடைசி. நான் வேலை பார்த்த லோரி கம்பெனியில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். ஆனால் அதற்குள் இரண்டு சிஸ்டம். பழையதில் லெட்சுமி அக்காவின் கணக்கு, புதியதில் என் கடிதங்கள். சுவிட்சைப் போட்டதும் எது எழ வேண்டும் என்று உள்ளே ஒரு குறி உண்டு. நான் கடிதம் அடித்துவிட்டு அப்படியே போய்விட்டால் மறுநாள் காலை புதியதுதான் எழும். அக்கா கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். எஸ்டேட் பள்ளியோடு படிப்பு நின்றவர். பழைய சிஸ்டத்தையே சாமி கும்பிட்டுக் கும்பிட்டுக் கற்றுக்கொண்டவர். புதியதில் ஒரு தடவை எதையோ தட்டி எல்லாம் அழிந்துபோனதில் இருந்து, குறியை மாற்றச் சொன்னாலே நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்.

கடைசியில் முதலாளிக்குப் பொறுமை போயிற்று.

"காலையில எப்பவும் ஒரே சிஸ்டந்தான் எந்திரிக்கணும். புதுசையே வச்சிரு. அக்காவுக்கு முடியலன்னா வேற ஆளு பாப்போம்லா."

அக்காவின் கணவர் அப்போது பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் படுக்கையில் கிடந்தார். இந்த வேலைதான் வீட்டில் அடுப்பெரிய வைத்தது. அக்கா துணியை எடுத்து மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார்.

குறியை மாற்ற ஸ்க்ரூ அண்ணே வந்தார். வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினைக் கும்பிட்டார். முதலாளி சொன்னதைக் கேட்டார், அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்க்ரூடிரைவரைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். அந்தக் காதை வெறுமையாக நான் பார்த்தது அன்றுதான்.

"முதலாளி, ஒரு ஒடம்புல ரெண்டு உசுரு இருக்கு. எது மொதல்ல எந்திரிக்கணும்னு நம்ம சொன்னா தோஷம். மாரியம்மாகிட்ட பூக்கட்டிக் கேட்டுருவோம்."

வேறு முதலாளியாக இருந்தால் விரட்டியிருப்பார். எங்களவரோ புது லோரி வாங்கவும் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கவும் மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தவர். உடனே தலையாட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் கோயிலுக்குப் போனோம். சிவப்புப் பூ வந்தால் பழைய சிஸ்டம், வெள்ளை வந்தால் புதியது. ஸ்க்ரூ அண்ணே தம் கையாலேயே பூக்களை வெற்றிலையில் மடித்து, இரண்டு பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைத்தார். பூசாரி யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்தார். கம்ப்யூட்டருக்கு என்றதும் மணியை எடுத்து ஆட்ட ஆரம்பித்துவிட்டார்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. அக்கா அங்கேயே அழுதுவிட்டார். குறி பழையதில் நின்றது, அக்காவின் வேலையும் நிலைத்தது.

முதலாளி முன்னே நடந்துவிட, கோயில் வாசலில் அண்ணே ஸ்க்ரூடிரைவரைப் பையிலிருந்து உருவினார். முதலாளி எடுக்காமல் விட்ட பொட்டலமும் அதோடு வந்து கீழே விழுந்து அவிழ்ந்தது. அதிலும் சிவப்புப் பூ.

நான் அவரையே பார்த்தேன். அவர் பூவைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அம்மா ரெண்டு தடவ சொல்லிட்டாங்கலா, தம்பி."

அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்துக்கும் குறியை மாற்றி, மெஷினை அணைத்துப் போட்டு, அது எழும்வரை தேவுடு காத்தவன் நான்தான். காத்திருக்கும் நேரமெல்லாம் அவரைத் திட்டுவேன். ஆனால் குறியை அக்கா பக்கம் திருப்பி வைக்காமல் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை.

அண்ணே போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் கம்ப்யூட்டர் சுவிட்சில் விரல் வைத்தால், பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு, "எந்திரிங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத்தான் அழுத்துகிறேன்.