டி.வி. விளையாட்டுப் பெட்டிக்கு நவச்சாரம் போட்ட விவரம்

செங்கல்பட்டு,
10-12-1978.

சிரஞ்சீவி மூர்த்திக்கு, உன் அக்கா வீட்டுக்காரர் சிவப்பிரகாசம் சகல சௌபாக்கியமும் உண்டாக ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் சியாமளாவும் சௌக்கியம். ஏரி நிரம்பியிருக்கிறது, கிணற்று மோட்டார் சௌக்கியம், டி.வி.யும் சௌக்கியம். நீ அமெரிக்காவிலிருந்து அனுப்பிய விளையாட்டுப் பெட்டியின் சௌக்கியத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. அவ்விடம் நீ, உன் சம்சாரம், குழந்தைகள், வாசலில் கொட்டும் பனி எல்லாம் எப்படி என்று எழுதவும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சியாமளாவுக்குப் பெங்களூரில் டெலிபோன் கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. பொங்கல் கழித்துச் சேரவேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. போகவேண்டாம் என்று நீ அவளுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். நான் சொன்னால் அப்பா சொல்கிறார் என்று விட்டுவிடுகிறாள். நீ சொன்னால் அமெரிக்காவே சொன்ன மாதிரி. அவள் ஏன் போகக்கூடாது என்பதற்கு என்னிடம் பல காரணங்கள் இருக்கின்றன, எல்லாம் உன் பெட்டியில்தான் ஆரம்பிக்கின்றன. அதனால் நடுவில் படிப்பதை நிறுத்தாதே.

உன் சிநேகிதர் பெட்டியைச் சேதமில்லாமல் கொண்டுவந்து சேர்த்தார். பேக்கிங்கில் ஒரு குறை சொல்வதற்கில்லை. செங்கல்பட்டு ஜங்ஷன் பார்சல் ஆபீசில் தலை நரைத்தவன் நான், பேக்கிங் விஷயத்தில் என் வாயால் நல்ல வார்த்தை வாங்குவது லேசல்ல. ஆனால் உள்ளே இருந்த கரண்டு அடாப்டரின் தட்டைக் கால்கள் நம் ஊர் ப்ளக்கில் நுழையவில்லை. கால் ஒவ்வொன்றிலும் ஒரு கம்பியைச் சுற்றி, கம்பியை ப்ளக்கில் விட்டு, தீக்குச்சியைச் செருகி ஸ்விட்சைப் போட்டேன். சமையலறையிலிருந்து சியாமளா ஓடிவந்து, அங்கே நூற்றுப்பத்து வோல்ட், இங்கே இருநூற்று முப்பது என்று சொல்லும்போது அடாப்டர் புகைந்து முடிந்திருந்தது. பக்கத்து வீட்டில் ரப்பர் செருப்பை எரிக்கிறோமா என்று விசாரித்தார்கள். அவள் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் டார்ச் செல்களை வரிசையாக அடுக்கி, கம்பி வைத்து ஈயத்தால் சால்டர் செய்து, பெட்டிக்கு உயிர் கொடுத்துவிட்டாள். பாலிடெக்னிக்கில் படித்ததற்கு இதாவது பிரயோஜனப்பட்டதே என்று நானும் சும்மா இருந்தேன்.

அப்புறம் படம் வரவில்லை. வந்தது உருண்டுகொண்டே போயிற்று. பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ஒரு சுருளை மரக்குச்சியால் நெருடி, டி.வி.க்குப் பின்னால் இருக்கும் திருகையும் திருகி, அவள் அதையும் நிறுத்திவிட்டாள். கறுப்புத் திரையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெள்ளைக் கோடு, நடுவில் ஒரு புள்ளி. ஆளுக்கொரு குமிழைத் திருகினால் கோடு மேலும் கீழும் போகும், புள்ளியைத் தடுக்கவேண்டும். இவ்வளவுதான். இதற்காகவா கடல் கடந்து அனுப்பினான் என்று முதல் நாள் உன்னை வைதேன். இரண்டாம் நாளிலிருந்து, சென்னை நிலையத்தார் நிகழ்ச்சியை எப்போது முடிப்பார்கள் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். உன் அக்கா போன பிறகு இந்த வீட்டில் அப்பாவும் பெண்ணும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம், ரேஷன் பற்றிப் பேசியிருக்கிறோம். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தது இந்தப் பெட்டி வந்த பிறகுதான். அதற்காக உனக்கு நன்றி சொல்கிறேன், மற்றதற்கெல்லாம் பிறகு பேசிக்கொள்கிறேன்.

போன மாதம் சியாமளா தன் தோழி சாந்தாவோடு பெங்களூருக்கு இன்டர்வியூவுக்குப் போயிருந்தாள். தனியே எதற்காக அந்தப் பெட்டியை எடுத்தேன் என்று கேட்காதே. இரண்டு கையிலும் இரண்டு குமிழைத் திருகிப் பார்த்தேன், சரிப்படவில்லை. கோபத்தில் ஒன்றை இழுத்ததில் கம்பி கையோடு வந்துவிட்டது. அவள் திரும்பி வருவதற்குள் ஒட்டிவைத்துவிட வேண்டும், அவள் இல்லாவிட்டாலும் இந்த வீட்டில் ஒரு கம்பி ஒட்டும் என்று காட்டவேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. கடைத்தெருவில் சடையப்பன் இருக்கிறாரே, நம் பித்தளைப் பாத்திரங்களுக்கெல்லாம் ஈயம் பூசுகிறவர், அவரிடம் கொண்டுபோனேன். அவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, இது என் வேலை இல்லீங்க என்றுதான் சொன்னார். ஈயம் எங்கே இருந்தாலும் ஈயம்தானே என்று நான்தான் வற்புறுத்தினேன். அவர் துருத்தியை ஊதி, ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, அறுந்த இடத்தில் ஈயம் பிடிக்க நவச்சாரத்தைத் தூவி, வெள்ளைப் புகை எழும்ப ஈயத்தை வைத்துத் தேய்த்தார். ஒட்டிக்கொண்டது. அரிசிப் பானையின் அடி மாதிரி பளபளவென்றிருந்தது. போதாததற்கு, வந்ததே வந்தோம் என்று, மெலிந்து தெரிந்த வேறு சில இடங்களிலும் கொஞ்சம் வைக்கச் சொன்னேன்.

சியாமளா திரும்பி வந்த பிறகும் பெட்டி நன்றாகவே ஓடியது. நான் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை, மனதுக்குள் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டேன். ஒரு வாரத்தில் என் பக்கத்துக் கோடு நடுங்கியது. இன்னும் சில நாளில் புள்ளி வரவில்லை. அவள் சாந்தா வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்துத் திறந்தேன். உள்ளே பச்சைப் பசேலென்று பூத்திருந்தது. பிற்பாடு தெரிந்தது, நவச்சாரம் பாத்திரத்துக்குத்தான் நல்லதாம், கழுவாமல் விட்டால் செம்பைத் தின்னுமாம். பெட்டிக்குள் இருக்கும் அட்டையில் ஓடுகிற செம்புக் கோடெல்லாம் தலைமயிர் கனம்தான், அது தின்னுவதற்கு எத்தனை நாழிகை ஆகும்?

மறுநாள் பெட்டியைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு, ஒரு கல்யாண விசாரிப்பு என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டு, மகாபலிபுரம் பஸ் ஏறினேன். அங்கே தாவீது என்று ஒரு ரேடியோ மெக்கானிக், வெள்ளைக்காரர்களின் டேப்ரிக்கார்டரெல்லாம் அவர்தான் பார்க்கிறார் என்று கேள்வி. திருக்கழுக்குன்றத்தில் வேண்டா என்ற பெயருடைய ஒரு மீன்காரம்மாள், காலிக் கூடையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெயரைக் கண்டக்டர் கூப்பிட்டதில் தெரிந்துகொண்டேன். மடியில் என்ன என்று கேட்டாள். வேட்டியை விலக்கிக் காட்டி, இரண்டு பேர் உட்கார்ந்து ஆடுவது, நானும் என் பெண்ணும் ஆடுவோம் என்று விளக்கினேன். அவள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"பொண்ணு கட்டிக்கினு பூட்டா அப்பால யாரு கூட நைனா ஆடுவ?"

உள்ளூரிலேயே மாப்பிள்ளை பார்க்கிறேன் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நீ வேறுவிதமாக நினைக்காதே. மதுராந்தகத்து வரனைத் தூரம் என்று நான் தட்டிவிட்டதற்கு வேறு காரணங்களும் இருந்தன.

தாவீது பெட்டியைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "இத்த யாரு சார் பத்த வெச்சது? சோத்துப் பானைன்னு நெனச்சிக்கினாங்களா?" என்றார். நான் கடலைப் பார்த்தேன். தன்னிடம் இருக்கும் ஈயம் பற்றவைக்கும் அயர்ன் பெரிய ரேடியோவுக்கு உண்டான தடி அயர்ன், அதை இதில் வைத்தால் மிச்சமிருக்கும் செம்பும் உரிந்து வந்துவிடும், பென்சில் மாதிரி மெல்லிசு வேண்டும் என்று கையை விரித்துவிட்டார். நான் ஊர் திரும்பி, சியாமளாவின் முன்னால் வேட்டியைப் பிரித்தேன்.

மூர்த்தி, அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்தாள். தன் மெல்லிய அயர்னைச் சூடு பண்ணி, நுனியை ஈரத் துணியில் துடைத்துக்கொண்டாள். பழைய கேபிளின் பின்னல் கம்பியை வைத்துச் சடையப்பன் வைத்த ஈயத்தை உறிஞ்சி எடுத்தாள். என் பல் துலக்கும் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தோய்த்து, பச்சையைத் தேய்த்தாள். போன செம்புக்குப் பதில் ஒவ்வொரு இடத்திலும் ஓர் இழைக் கம்பியைச் சாமணத்தால் பிடித்து, உள்ளே குங்கிலியம் வைத்த ஈயக் கம்பியால் ஒட்டினாள். நடுவில், பூரான் மாதிரி இரண்டு பக்கமும் கால் வைத்த கறுப்புத் துண்டு ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் போகும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டாள், நானும் அடக்கிக்கொண்டேன். ஈயத்தைச் சுடக்கூடாது அப்பா, ஒட்டவேண்டிய இடத்தைச் சுடணும், இடம் தயாரானா ஈயம் தானா ஓடிவரும் என்றாள். சால்டர் ஆறும்வரை கையை அசைக்கக்கூடாதாம், அசைத்தால் மேலே ஒட்டின மாதிரி தெரியும், உள்ளே பிடித்திருக்காதாம். மூன்று சாயங்காலம் இந்த வேலை நடந்தது. அவள் முகத்தை அவ்வளவு நேரம் நான் பார்த்துக்கொண்டிருந்தது, அவள் கைக்குழந்தையாக இருந்தபோதுதான். பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பெட்டி மறுபடி ஓடியது.

இப்போது காரணங்களுக்கு வருகிறேன். அவள் ஆள்காட்டி விரலில் அயர்ன் பட்டு இரண்டு தழும்பு. அப்பளம் பொரித்ததில் சுட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். தொழிற்சாலைக்குப் போனால் பத்து விரலிலும் வரும், அவ்வளவு அப்பளத்துக்கு நான் எங்கே போவேன்? பெங்களூர் குளிர் அவள் உடம்புக்கு ஆகாது. ஹாஸ்டல் சாம்பாரில் வெல்லம் போடுவார்களாம். இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவள் அயர்னைத் தாங்கியில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"எனக்காக வேணாங்கறீங்களா அப்பா, உங்களுக்காக வேணாங்கறீங்களா?"

மோட்டார் ஓடுகிறது, தொட்டி வழியும் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். மோட்டார் ஓடவில்லை.

அவளுக்காகத்தான் சொல்கிறேன் என்று நீ அவளுக்கு எடுத்து எழுதவேண்டும். சென்னையில் ஏதாவது வேலை வந்தால் மின்சார ரயிலில் போய்விட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம், அவசரம் ஒன்றுமில்லை என்று எழுது. அங்கே பெண்கள் வேலைக்குப் போய்ப் படும் அவதியை ஒன்றிரண்டு சேர்த்துக்கொண்டாலும் பரவாயில்லை. நான் சொல்லி எழுதினாய் என்று தெரியவேண்டாம்.

உன் சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். தமிழ் மறக்காமல் அவர்களோடு வீட்டில் பேசு. பனியில் காதை மூடிக்கொள். வேதகிரீஸ்வரர் உங்கள் எல்லோரையும் காப்பாற்றுவார்.

இப்படிக்கு,
உன் மாமா,
ப. சிவப்பிரகாசம்.

பி.கு.: அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் இதைத் தபாலில் சேர்க்கவில்லை. அவள் சாந்தாவோடு காஞ்சிபுரம் போயிருந்தாள். பெட்டி ஓடுகிறது என்று உனக்கு எழுதிவிட்டோமே, நிஜமாக ஓடுகிறதா என்று பார்ப்போம் என்று எடுத்தேன். பின்பக்கத்தில் புதிதாக ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. என் கை சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியும், தள்ளினேன். திரையில் ஒரு கோடு காணாமல் போய், அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு சுவர் வந்தது. புள்ளி சுவரில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது. எதிரில் ஆள் வேண்டியதில்லை. ஒருவரே ஆடலாம்.

சாயங்காலம் அவள் வந்ததும் கேட்டேன். அந்தப் பூரானுக்குள்ளேயே இப்படி ஓர் ஆட்டம் இருக்கிறதாம். பெட்டி செய்தவர்கள் அதற்கான காலுக்குக் கம்பி இழுக்காமல் விட்டிருக்கிறார்கள், இவள் இழுத்து வைத்தாளாம். கழுவித் துடைத்த மூன்று சாயங்காலத்தில் எதிலோ ஒன்றில் நான் பார்க்கப் பார்க்கத்தான் செய்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. "நீங்க சும்மா உக்காந்திருக்கக் கூடாதுன்னுதாம்பா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

ஆகையால் மேலே சொன்னபடி அவளுக்கு ஒன்றும் எழுதாதே. போகச் சொல்லி எழுது. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம், ஆனால் மேலே எழுதியதும் நான்தான், அதை நீயாவது தெரிந்துகொள்ளவேண்டும். எனக்காகத்தான் வேண்டாம் என்றேன்.

நேற்று ஸ்விட்சைப் பழையபடி தள்ளிவைத்து, இருவரும் ஆடினோம். நடுவில், திரையைப் பார்த்துக்கொண்டே, பொங்கலுக்கு மறுநாள் டிக்கெட் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். அவள் குமிழைத் திருகவே இல்லை. புள்ளி அவளைத் தாண்டிப் போய்விட்டது.