ஆடாதே அண்ணாத்தயின் மூணு ஜோடிக் கண்

எழுபதுகளில் செங்கல்பட்டு ஜில்லாவில் நடந்த கல்யாணங்களில், பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து விட்ட கண்ணீரைவிட, போட்டோ பிடிக்க வந்த ஒரே ஒரு மனிதர் விட்ட கண்ணீர் அதிகம். சத்தியமாகச் சொல்கிறேன். பக்கத்தில் ஃபிளாஷ் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஸ்டூடியோ போர்டில்கூட எழுதியிருந்தது. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. "ஆடாதே! ஆடாதே!" என்று கத்திக் கத்தியே படம் எடுப்பார் என்பதால் ஊருக்கு அவர் 'ஆடாதே'. தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "ஆடாதே, லெட்டர்!" என்று குரல் கொடுப்பார். தெருவில் போகிற வெளியூர்க்காரர்கள் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிடுவார்கள்.

நான் அப்போது ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் உரக் கிடங்கில் குமாஸ்தா. படாளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் நசுங்கி வந்து போக முடியாமல், ஸ்டூடியோவுக்கு மேலே அவர் இருந்த அறையில் பாதியை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். எனக்கு இருபத்து நாலு வயது, அவருக்கு முப்பத்திரண்டு. அவருக்கு நான் 'மச்சான்', எனக்கு அவர் 'அண்ணாத்த'. லீவு நாட்களில் கல்யாணங்களுக்கு அவரோடு போய் ஃபிளாஷ் பிடிப்பேன். சம்பளம், பந்தியில் முதல் இலை.

அண்ணாத்தயின் மூக்குக் கண்ணாடியை முதன்முதலில் பார்த்தபோது, ஏதோ கேமராவின் உதிரி பாகம் என்று நினைத்தேன். அவ்வளவு தடிமன். அதற்குப் பின்னால் அவருடைய கண் இரண்டும் கடுகு மாதிரி தெரியும். அவருடைய கேமராவோ, இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்கிற ரகம். குனிந்தால் கண்ணாடி வழுக்கும். சாம்பாரில் விழுந்திருக்கிறது, சந்தனக் கிண்ணத்தில் விழுந்திருக்கிறது. மதுராந்தகத்தில் ஒரு முகூர்த்தத்தில் நேரே ஹோமத்துக்குள் விழுந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்தாமல் அதன் தலையிலும் ஒரு கரண்டி நெய் விட்டார்.

மிச்சக் கல்யாணத்தை அண்ணாத்த காதால் கேட்டே படம் எடுத்தார். ஆல்பம் வந்தபோது, தாலி கட்டும் படத்தில் தாலியும் இல்லை, கட்டியவரும் இல்லை. நாதஸ்வரக்காரரின் முதுகு மட்டும் அவ்வளவு தெளிவாக விழுந்திருந்தது. அவர் சந்தோஷமாக ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். பெண் வீட்டார் மட்டும் ஸ்டூடியோவுக்கு வந்து ஒரு மணி நேரம் திட்டினார்கள்.

அவர்கள் போனதும் அண்ணாத்த சொன்னார்: "மச்சான், இந்தக் கண்ணாடி சகவாசமே வோணாம். கண்ணுக்குள்ளயே போட்டுக்கற கண்ணாடி மெட்ராஸ்ல வந்துகீதாம். வா, பூடலாம்."

மெட்ராஸில் கண் டாக்டர் பொறுமைசாலி. மேஜைமேல் இரண்டு டப்பாக்களைத் திறந்து வைத்தார். ஒன்றில் வெள்ளை விழி முழுவதையும் மூடுகிற பெரிய லென்ஸ். இன்னொன்றில் கருவிழிமேல் மட்டும் உட்காருகிற கடினமான குட்டி லென்ஸ், சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. மூன்றாவதாக ஒன்று ஜெல்லி மாதிரி மெத்தென்று வந்திருக்கிறது, ஆனால் இவர் பவருக்குச் சீமையிலிருந்து வரவழைக்க வேண்டும், வருஷக்கணக்கில் ஆகலாம் என்றார்.

"பெர்சு போடுங்க சார். பெர்சா இருந்தா வுழாது, தொலையாது" என்றார் அண்ணாத்த.

பெரிய லென்ஸைப் போட்டுக்கொண்டு சுவர்க் கண்ணாடியில் பார்த்தவர், இமைக்க முடியாமல் விழித்தபடியே என் பக்கம் திரும்பினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எப்டி கீது மச்சான்?"

"கோயில் கோபுரத்துல பூதம் ஒண்ணு இருக்குமே, அது மாதிரி கீது அண்ணாத்த."

"அப்ப வோணாம். கொழந்தைங்க படம் எடுக்கணும். பயந்துடும்."

சைக்கிளை விற்றுக் குட்டி லென்ஸை வாங்கினார். முதல் நாள் இரண்டு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும், மணல், தூசி ஆகாது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணாத்த எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவர் எப்போதுமே தாராளம்.

அந்தத் தடிக் கண்ணாடி உலகத்தையே சிறுசாக்கித்தான் இத்தனை வருஷமும் அவருக்குக் காட்டியிருக்கிறது. லென்ஸ் போட்டதும் எல்லாம் நிஜ அளவுக்கு வந்துவிட்டது. டிபன் கடையில் உட்கார்ந்து, "இன்னா நைனா, இட்லிய பெர்சாக்கிட்டியா?" என்று கேட்டார். கடைக்காரர் பெருமையோடு, "ஆமா" என்றார். அப்புறம் அண்ணாத்த என்னை உற்றுப் பார்த்து, "மச்சான், உன் மூக்கு மெய்யாலுமே இவ்ளோ நீளமா?" என்றார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

ஆனால் அந்தக் கடின லென்ஸ் கண்ணை உறுத்தும். உறுத்தினால் நீர் கொட்டும். அந்த ஆவணியில் முதல் கல்யாணத்திலேயே, கெட்டிமேளம் முழங்க, அண்ணாத்த கேமராமேல் குனிந்து பொலபொலவென்று அழுதார். பெண்ணின் அம்மா அதைப் பார்த்தார். "யாரு பெத்த புள்ளையோ, நம்ம பொண்ணுக்காக இப்டி அழுவுதே!" என்று அவரும் அழ, மண்டபமே மூக்கைச் சிந்தியது. அப்புறம் ஜில்லா பூராவும், 'செங்கல்பட்டுல ஒரு போட்டோக்காரர் கீறாரு, ரொம்ப எளகின மனசு' என்று பேச்சாகிவிட்டது. மதுராந்தகத்திலிருந்தும் கடப்பாக்கத்திலிருந்தும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். எங்கள் படாளத்தில் ஒரு கல்யாணத்தில், சம்பந்திக்குப் பன்னீர் தெளிக்கவில்லை என்று பெரிய சண்டை. மாப்பிள்ளை வீட்டார் வண்டி கட்டுகிற நிலை. நடுவில் அண்ணாத்த கண்ணீர் வழிய நின்றிருந்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா அவரைப் பார்த்துவிட்டு, "சே, அசலான் அழுவுறான். நமக்கு இன்னாடா வெட்கங்கெட்ட சண்ட!" என்று துண்டை உதறிப்போட்டு உள்ளே போனார். கல்யாணம் நடந்தது.

கல்யாணம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரம் போவோம். கடற்கரைக் கோயில் பக்கத்தில் சுற்றுலா வருகிறவர்களைப் படம் எடுத்து, விலாசம் வாங்கித் தபாலில் அனுப்புவது அவர் வழக்கம். ஒருநாள் ஒரு குடும்பத்தை வரிசையாக நிற்க வைத்துக் குனிந்தார். கடல் காற்று ஒரு கை மணலை அள்ளி வீசியது.

"ஐயோ, லென்ஸ் வுழுந்துட்ச்சு! ஒருத்தரும் ஆடாத!"

அந்தக் குடும்பம் சிலையாக நின்றது. நாங்கள் மண்டி போட்டு மணலைத் துழாவினோம். என்ன தேடுகிறோம் என்று கேட்டவர்களுக்கு, "கண்ணு... கண்ணு லென்ஸ்" என்றேன். அதில் 'கண்ணு' மட்டும் காற்றோடு போனது. படகு வரைக்கும் சேதி போனபோது, போட்டோக்காரருக்குக் கண் பிடுங்கிக்கொண்டு கீழே விழுந்துவிட்டதாக ஆகியிருந்தது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். இரண்டு பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள்.

சிப்பி மாலை விற்கிற பெண் ஒருத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். பெயர் கன்னியம்மா என்று பிற்பாடு தெரிந்தது. அவள் மணலைப் பார்க்கவே இல்லை. அண்ணாத்தயின் மோவாயைப் பிடித்து முகத்தைத் தூக்கினாள்.

"ஐய, இன்னாத்துக்குய்யா மண்ண கெளறிகினு கீற? கண்ணுலயே கீது. மேலால ஏறி ஒளிஞ்சிகினு கீது. கீழ பாரு. இன்னும் கீழ. இப்ப மெதுவா என்னப் பாரு."

லென்ஸ் வழுக்கி இடத்துக்கு வந்தது. ஒரு சாண் தூரத்தில், முழு அளவில், அவருக்கு முதலில் தெரிந்தது கன்னியம்மாவின் முகம். ஆயுளில் அன்றுதான் அண்ணாத்த ஆடாமல் நின்று நான் பார்த்தேன்.

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் மாமல்லபுரம். மணல் ஆகாது என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினால், "மணலு டாக்டருக்குத்தான் ஆவாது" என்பார். அவள் முன்னால் அந்தத் தடிக் கண்ணாடியோடு நிற்கக் கூடாது என்று விடிந்ததும் லென்ஸைப் போட்டு, இருட்டிய பிறகுதான் எடுப்பார். கல்யாண சீசன் வேறு. வாரக்கணக்கில் கண்ணுக்கு ஓய்வே இல்லை. ஒருநாள் காலை இடது கண்ணைத் திறக்க முடியவில்லை. ரத்தமாகச் சிவந்து, வெளிச்சம் பட்டால் துடித்தார். மெட்ராஸுக்கு அழைத்துக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் இமையைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்தார். கருவிழியில் புண் என்றார். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா இந்தக் கண்ணை மறந்துட வேண்டியதுதான். இனிமே இந்த லென்ஸைத் தொடக்கூடாது."

கண்ணில் கட்டோடு ஸ்டூடியோ ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். படம் எடுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். மூன்றாம் நாள் வாயைத் திறந்தார்.

"மச்சான், கண்ணு பூட்ச்சுன்னா எங்கைல இன்னா மிச்சம் கீது?"

நான் கேமராவை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டு அவிழ்த்தார்கள். புண் ஆறியது, பார்வை தப்பியது. ஆனால் பழைய சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. மாமல்லபுரம் என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. ஐந்து ஞாயிறு பொறுத்தேன். ஆறாவது ஞாயிறு நானே பஸ் ஏறிப் போய், கன்னியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அவள் ஸ்டூடியோ வாசலில் நின்றாள். அண்ணாத்த அவசரமாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அத்த இன்னாத்துக்குக் கழட்ற? போடு." போட்டார். அவள் கிட்டத்தில் வந்து பார்த்தாள். "இதுக்கா மூஞ்சிய காட்டாம குந்திகினு கீற? இப்ப சொல்லு. நா எப்டி தெரியறேன்?"

அண்ணாத்தக்குப் பொய் சொல்ல வராது. "சின்னதா தெரியற. ஆனா தெளிவா தெரியற."

அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "வர ஞாயித்துக்கெழம வந்து எங்க நைனாவப் பாரு" என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கப் போனாள்.

அவளுடைய அப்பா கட்டுமரக்காரர். அண்ணாத்தயின் கண்ணாடியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணு தெரியாதவனுக்கு எப்டிப்பா பொண்ணு குடுக்கறது?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அண்ணாத்தயைத் தண்ணீர் ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் கடலில் வந்துகொண்டிருந்த கட்டுமரங்களைக் காட்டினார். "எத்தினி மரம் வருது, எண்ணு."

அண்ணாத்த கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். உப்புக் காற்றில் அது மறுபடி மறுபடி மங்கியது.

"அஞ்சு தெரியுது மாமா. இன்னும் இருக்கலாம். சத்தியமா தெர்ல."

"அஞ்சா? மூணுதான கீது!" என்றார் பெரியவர்.

பின்னால் நின்ற கன்னியம்மா சொன்னாள்: "ஏழு."

பெரியவர் கண்ணைச் சுருக்கிக் கடலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் அண்ணாத்தயின் தோளில் கை போட்டார். "சரி வுடு. வூட்ல ஒருத்திக்கு நல்லா தெரியுதில்ல."

முகூர்த்தம் குறித்தார்கள். அந்த வாரமே மெட்ராஸிலிருந்து கடிதம். டாக்டர் சீமைக்கு எழுதிப் போட்டிருந்த மெத்தென்ற லென்ஸ் வந்துவிட்டது. அன்றைக்கே ஓடினோம். இது உறுத்தாது, ஆனால் தினமும் உப்புத் தண்ணீரில் கொதிக்கவைக்க வேண்டும். ஆறிய கண்ணுக்கு இதைப் போடலாம், அதுவும் நாளுக்குச் சில மணி நேரம்தான் என்றார் டாக்டர். இந்த முறை அண்ணாத்த தலையாட்டவில்லை, காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். லென்ஸ்களை உப்புத் தண்ணீரில் போட்டுவைக்க இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் வாங்கி, வலதுக்கு 'வ', இடதுக்கு 'இ' என்று பெயர் வெட்டினார். "தாலி கட்டும்போது அவ மூஞ்சிய முழுசா பாக்கணும் மச்சான்" என்றார்.

கல்யாணம் மாமல்லபுரத்தில். முதல் நாளே போய் ஒரு சின்ன அறையில் தங்கினோம். விடிகாலையில் எழுந்தபோது எனக்கு நாக்கு வறண்டிருந்தது. ஜன்னலில் டம்ளர் இருந்தது. எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன். உப்புக் கரித்தது. கடலோரத் தண்ணீர், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். டம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் அதில் வெட்டியிருந்த எழுத்தைப் பார்த்தேன். 'வ'.

குளித்துவிட்டு வந்த அண்ணாத்த என் முகத்தைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். "அண்ணாத்த, தெரியாம..."

அவர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "உள்ள நல்லா தெரியுதா மச்சான்?" என்றார். அவ்வளவுதான். ஒரு கண்ணில் மட்டும் லென்ஸ் போட்டு நடந்து பார்த்தார், வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தை வாங்க வாங்க என்று வரவேற்றார். கழற்றிவிட்டுப் பெட்டியிலிருந்து சோடாபுட்டியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மணவறையில் கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள். "புதுசு எங்க?"

"காலைல கடல்ல மூஞ்சி கழுவினேன். ஒண்ணு அலைல பூட்ச்சு."

நான் கேமராவோடு நின்றிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு வருஷத்தில் இரண்டு மூன்று தடவையாவது அவர்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு. ஒவ்வொரு தடவையும் பெரியவர் அக்கறையாகச் சொல்வார்: "மாப்ள, இன்னிக்கி ஒரு பெரிய வஞ்சிரம் அறுத்தேன். வயித்துல நல்லா பாத்துட்டேன். உன் லென்ஸு இல்ல." கடைசிவரை அவர் எந்தப் பெரிய மீனையும் அதைத் தேடாமல் அறுத்ததில்லை. அண்ணாத்த முகத்தில் ஒரு சுருக்கம் மாறாது. "தேடுங்க மாமா, எங்கயாவது இருக்கும்" என்பார். நான் ஏதாவது உளறிவிடப் போகிறேன் என்று, "மச்சானுக்கு இன்னொரு துண்டு போடு" என்று உள்ளே குரல் கொடுப்பார்.

பெரியவர் போய் வெகு காலம் ஆகிறது. அண்ணாத்த போய் மூன்று வருஷம். இத்தனை நாளும் நாங்கள் இரண்டு பேராக வைத்திருந்த ரகசியத்தைத் என்னால் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

கன்னியம்மா அண்ணி, மன்னித்துவிடுங்கள். உங்கள் கழுத்தில் தாலி ஏறியபோது, அவருடைய வலது கண் என்னிடம்தான் இருந்தது.