பித்தளைக்குப் பதம் பார்ப்பவர்

மனிதர்களில் பதம் பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. எல்லாத் தேசத்திலும் கிடைக்கும் இனம்தான் என்றாலும், கலப்படமில்லாத சரக்கைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் பென்சில்வேனியாவுக்குத்தான் வர வேண்டும். மலையிலும் காட்டிலும் தேடி அலையாதீர்கள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டிய கராஜ் ஒன்று கண்ணில் பட்டால் கதவைத் தட்டுங்கள். "தொறக்காதீங்க, வெளிச்சம் வந்துடும்" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கும். அவர்தான்.

விஷயம் இவ்வளவுதான். குறி சுடும் போட்டிக்காரர்கள் கடைத் தோட்டாவைக் கையாலும் தொடமாட்டார்கள். சுட்ட பித்தளைக் கூட்டிலேயே மறுபடி வெடிமருந்து போட்டு, முனையில் குண்டைச் செருகித் திரும்பத் திரும்பச் சுடுவார்கள். சுடச் சுடக் கூட்டின் கழுத்து இறுகிப்போகும். இறுகிய கழுத்து ஒரு குண்டை அழுத்திப் பிடிக்கும், அடுத்ததைத் தளர விடும். அதனால் கழுத்தை மட்டும் நெருப்பில் ஒரு காட்டு காட்டி இளக்க வேண்டும். அப்பளம் சுடுகிற நேரம்கூட ஆகாது. சூடு குறைந்தால் இளகாது, கூடினால் களிமண்ணாகிவிடும். இதில் என்ன பெரிய கம்பசூத்திரம் இருக்கிறது என்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் இந்த இனமில்லை. இருக்கட்டும், கடைசியில் பார்ப்போம்.

இவர்களுக்குள் இரண்டு கட்சி. கேஸ் டார்ச்சின் தீயில் காட்டுகிறவர்கள் ஒரு பக்கம், மின்சுருளில் காட்டுகிறவர்கள் மறு பக்கம். அந்தக் கட்சியில் பெண் எடுக்க இந்தக் கட்சி யோசிக்கும். எத்தனை வினாடி காட்டினீர்கள் என்று கேட்டுவிட்டால், சம்பளத்தைக் கேட்டுவிட்டது போல முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பந்தியில் கரண்டியை வளைத்துப் பார்ப்பார்கள், மாதாகோவிலில் மெழுகுவர்த்தித் தண்டை நகத்தால் சுரண்டுவார்கள், துக்க வீட்டுக்குப் போனால் செத்தவர் முகத்தைப் பார்க்குமுன் சவப்பெட்டியின் பித்தளைக் கைப்பிடியைத் தட்டிப் பார்த்து, "இதுக்குச் சூடு ஜாஸ்தி" என்று பக்கத்தில் நிற்பவர் காதைக் கடிப்பார்கள். பக்கத்தில் நின்றவன் நான்தான். கடித்தவர் பெயர் வெர்லின் ஹாஸ்டெட்டர்.

வெர்லின் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஆர்லீன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். விடியுமுன்னே கிளம்ப வேண்டும். எங்கள் ஊர்க் குளிரில் வெளியே நிற்கும் காருக்குக் கண்ணாடி எது, பனி எது என்று தெரியாது. அந்த அம்மாள் தினமும் சுரண்டிச் சுரண்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கார் ஏன் வெளியே நிற்கிறது? கராஜில் பித்தளை இருக்கிறது. கழுத்து லேசாகச் சிவக்கிற அந்தக் கணம் இருட்டில்தான் கண்ணுக்குத் தெரியும் என்பது வெர்லின் கட்சி.

எங்கள் பிளம் ஹாலோ துப்பாக்கிச் சங்கத்தில் சுட்ட குறி அட்டைகளை அளந்து முடிவு சொல்கிற வேலை எனக்கு. அதனால் இவர்கள் சண்டை எல்லாம் என் காதில் வந்துதான் விழும். தீயணைப்பு நிலையத்துக் கோழி விருந்தில் ஒரு நாள் தட்டும் கையுமாக என் எதிரிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏழு குளிர்காலமா என் கார் பனியில நிக்குது வெர்லின். உன் பித்தளைக்கு ஜலதோஷமா பிடிக்கப் போவுது? எனக்குத்தான் பிடிக்குது."

"வெளிச்சம் இருந்தா செவப்பு தெரியாதே, ஆர்லீன்."

"செவப்பு பாக்கணும்னா காலையில வந்து என் மூக்கைப் பாரு."

மேசையில் எல்லோரும் குனிந்து கோழியைத் தீவிரமாகச் சாப்பிட்டோம்.

"ஒண்ணு சொல்றேன்" என்றாள் ஆர்லீன். "வர்ற போட்டியில நீ மொதல் எடம் வந்தா கராஜ் உன்னோடது. சாகுற வரைக்கும் கேக்க மாட்டேன். வரலேன்னா அன்னைக்கே என் கார் உள்ள வரும். சரியா?"

"கழுத்து மட்டும் சரியா அமைஞ்சிட்டா..."

"சரியா, இல்லையா?"

"சரி."

"அளக்குறவரே, கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றாள் என்னிடம். நான் தலையாட்டினேன்.

மறு நாளே வெர்லின் நூறு கூடுகளை எடுத்துவைத்துக்கொண்டு கராஜுக்குள் போய்விட்டார். பதம் வந்ததா என்று அறிய ஒரே ஒரு நிச்சயமான வழிதான் உண்டு என்பது அவர் வேதம். கழுத்தைக் குறட்டால் நசுக்க வேண்டும். எதிர்த்துக் கொஞ்சம் துள்ளினால் பதம் சரி. நசுங்கிய கூடு அதற்கப்புறம் எதற்கும் ஆகாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். வெர்லினுக்கோ, அந்த ஒரு சோறு வெந்தது என்று மட்டும்தான் தெரியும். மற்றச் சோற்றுக்கு யார் ஜாமீன்?

ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். நசுங்கிய பித்தளையால் ஒரு வாளி கிட்டத்தட்ட நிறைந்திருந்தது.

"எப்படிப்பா போவுது?"

"அருமையா போவுது. நசுக்கினது அத்தனையும் கச்சிதம்."

"நசுக்காதது?"

"அதை நெனச்சாதான் தூக்கம் வரல. அது எப்படி இருக்கோ, யார் கண்டா?"

"எப்படித்தான் தெரிஞ்சிக்கிறது?"

"நசுக்கிப் பாத்தாதான் தெரியும்."

மனிதர் சிரிக்கவில்லை. நல்லது என்று நிச்சயமாகத் தெரிந்ததெல்லாம் வாளியில் கிடந்தது. சுடுவதற்கு மிஞ்சியதெல்லாம் சந்தேகம்தான். ஆர்லீன் காப்பி கொண்டுவந்தாள். வாளியை ஒரு பார்வை, புருஷனை ஒரு பார்வை. திட்டுவாள் என்று நினைத்தேன். இல்லை. மறு வாரம் அவருக்குப் புதுக் குறடு ஒன்று வாங்கி வந்தாள். "பழசு வழுக்குதுன்னு சொன்னியே" என்று அவர் சட்டைப் பையில் அவளே செருகியும் விட்டாள். என்ன பதிபக்தி!

போட்டி நாளில் வெர்லினிடம் மிச்சம் இருந்தது ஐந்தே ஐந்து. போட்டிக்கு வேண்டியதும் ஐந்துதான். இருநூறு கெஜத்தில் ஐந்து குண்டு சுட வேண்டும். நடுவில் படாவிட்டாலும் பாதகமில்லை, ஐந்து ஓட்டையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். நெருக்கமாகச் சுட்டவருக்கு முதலிடம். பக்கத்து மேசையில் கர்ட்டிஸ் புரூபேக்கர். தோட்டாவோடு உப்பு பிஸ்கட்டும் கிடந்த ஒரே பையில் கையை விட்டுத் துழாவி, வந்ததை வாயிலோ துப்பாக்கியிலோ போட்டுக்கொண்டிருந்தான்.

அன்றைக்குக் காற்று அசையவில்லை. வெர்லின் சுட்டார். ஒன்று. இரண்டாவது அதே ஓட்டைக்குள் போயிற்று. மூன்றாவதும் நான்காவதும் அங்கேதான். தொலைநோக்கியை இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். நாலு குண்டுக்கு ஒரே ஓட்டை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பின்வரிசையில் ஆர்லீன் கார்ச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஐந்தாவதைக் கையில் எடுத்தவர் சுடவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுடுப்பா" என்றேன். "காத்து நிக்குது, நேரம் போவுது."

"இது மேல எனக்கு நம்பிக்கை வரல."

"ஏன், என்ன ஆச்சு?"

"நாலும் இவ்வளவு நல்லா அமைஞ்சிருக்கே. அஞ்சாவதும் நல்லாவா இருக்கும்?"

கை சட்டைப் பைக்குப் போனது. வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் குறடு குண்டைக் கவ்வியது. மெதுவாக, பல் பிடுங்குகிறவரைப் போல இழுத்தார். குண்டு வழவழவென்று வந்தது. மருந்து மேசையெல்லாம் கொட்டியது. வெறுங்கழுத்தைக் குறட்டில் வைத்து ஓர் அழுத்து. நேரம் முடிந்ததென்று மணி அடித்தது.

வெர்லின் நிமிர்ந்தார். கல்யாண மாப்பிள்ளை முகத்தில்கூட அப்படி ஒரு களையை நான் கண்டதில்லை.

"கச்சிதம்" என்றார். "நூத்துக்கு நூறும் கச்சிதம்."

நாலு குண்டுக்குக் கணக்குக் கிடையாது. அந்த அட்டையை நான் அளக்கவே இல்லை. கர்ட்டிஸின் ஐந்தும் கோட்டுப் பொத்தான் அளவுக்குள் அடங்கியிருந்தன, அவனுக்கு முதலிடம்.

"நான் சூடே காட்டுறதில்லப்பா" என்றான் அவன். "கழுத்து வெடிச்சா தூக்கிப் போட்டுட்டு வேற எடுத்துக்குவேன்."

வெர்லின் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "ஜெயிச்சிட்டான்" என்று என்னிடம் சொன்னார். "ஆனா எதனால ஜெயிச்சான்னு பாவம் அவனுக்கே தெரியாது."

அன்று சாயங்காலமே கறுப்புக் காகிதத்தைக் கிழித்தாயிற்று. கை காட்டிக் காரை உள்ளே விட்டவர் வெர்லினேதான். ஆர்லீன் கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்:

"கழுத்தெல்லாம் நல்லாத்தான இருந்துச்சு?"

"ஒண்ணுகூடப் பழுதில்ல ஆர்லீன்."

"சந்தோஷம். அந்த வாளியைக் கொஞ்சம் நகத்து."

சிரித்தது போதும். மகள் பரீட்சைக்குப் படிக்கிறாளா என்று அடிக்கொரு தரம் கதவைத் திறந்து கேட்டு, அவளைப் படிக்கவே விடாமல் செய்தது யார்? அரும்பாடுபட்டுத் தூங்கவைத்த குழந்தையை, தூங்கிவிட்டதா என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்து எழுப்பிவிட்டது யார்? பாலுக்கு உறை ஊற்றிவிட்டு, தயிர் ஆயிற்றா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கிண்ணத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, கடைசியில் அது பாலுமில்லாமல் தயிருமில்லாமல் நிற்க, பால்காரனைத் திட்டியது யார்?

அதோ, எழுந்திருக்கிறீர்கள். உட்காருங்கள். அந்தத் தயிர்க் கிண்ணத்து மூடியைத் தொடாதீர்கள்.