இங்க குடு

மூன்றாமாண்டுக்காரி நோயாளியின் மணிக்கட்டில் கத்தியை வைத்து ஒரு கோடுகூட முழுதாக இழுக்கவில்லை. அதற்குள் எதிரில் நின்ற தலைமை மருத்துவர் கையை நீட்டிவிட்டார்.

"இங்க குடு."

கொடுத்தாள். கொடுக்காமல் என்ன செய்வது? எலும்பு அறுவை சிகிச்சை படிக்க வந்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் கற்றதெல்லாம் சதையை விலக்கிப் பிடிப்பதும் கேட்டதும் கொடுப்பதும்தான். அடுத்த வாரம் தேர்வு. ஓர் அறுவையையாவது முழுக்கத் தன் கையால் செய்தாள் என்று இந்த மனுஷர் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். "நாளைக்கு நீதாம்மா" என்று நேற்றுச் சொன்னவரும் இவரேதான். 'இங்ககுடு' என்று அவருக்குப் பெயர் வைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

வெளியே வந்தவள் கையுறையைக் கழற்றி எறிந்தாள்.

"இந்த ஆளுக்கு ஒரு நாள் கை உடையணும் சிஸ்டர். அப்பத்தான் அடுத்தவங்க கைக்கு வேலை வரும்."

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் இதைப்போல எத்தனையோ கேட்டவர். கத்தரிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அதே கோபத்தோடு மாவுக்கட்டு அறைக்குப் போனதுதான் தப்பு. கட்டுத்துணியை மாவுக்குள் முக்கிய வேகத்தில் வாளி கவிழ்ந்து, தரையெல்லாம் வெள்ளைக் குழம்பு. பஞ்சை வைத்துத் துடைத்தாள். அது அறை முழுக்கப் பூசிக்கொண்டது. தண்ணீரை ஊற்றினாள், இன்னும் மோசமாக வழுக்கியது. சத்தம் கேட்டு ஓடி வந்த முதலாமாண்டுக்காரி, பழைய போர்வையைப் போட்டு மூடிவிடலாம் அக்கா என்றாள். மூடினார்கள். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

கோவித்துக்கொண்டு போனால் ஆயிற்றா என்று திட்டிக்கொண்டே வந்த இங்ககுடு, நேராக அந்தப் போர்வையில் கால் வைத்தார். போர்வை ஒரு பக்கம் போயிற்று, அவர் ஒரு பக்கம் போனார். வலது கையை ஊன்றித்தான் விழுந்தார். அந்தச் சத்தத்துக்கப்புறம் அங்கே யாருக்கும் எக்ஸ்ரே தேவைப்படவில்லை.

விரல்கள் மரத்துக்கொண்டே வந்தன. உடனே எலும்பைச் சேர்த்துப் பிளேட் வைத்தாக வேண்டும். இன்னொரு சர்ஜனோ வெளியூரில். மயக்க மருத்துவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மூன்றாமாண்டுக்காரியைக் கைகாட்டினார். வேறு வழியே இல்லையா என்று இங்ககுடு இரண்டு தரம் கேட்டார்.

கூட நிற்க ஆள் வேண்டுமே? சீஃப் கையென்றதும் ஆளாளுக்கு நழுவிவிட்டார்கள். முதலாமாண்டுக்காரி மட்டும் நின்றாள்.

"நான் பிடிச்சுக்கிறேன்க்கா. ஆனா கடைசி ஸ்க்ரூ நான்தான் போடுவேன்."

"சத்தியமா நீதான்."

கையை மட்டும் மரக்கவைத்திருந்ததால் இங்ககுடு முழு விழிப்போடு படுத்திருந்தார். முகத்துக்கு நேரே திரை. ஒன்றும் தெரியாது. ஆனாலும் ட்ரில் சாய்கிறது, கோணம் தப்பு என்று ஓயாமல் திட்டு. பிளேட்டை வைக்கும் நேரம் பார்த்துத் திரைக்கு மேலே அவருடைய இடது கை எழும்பியது.

"இங்க குடு."

மயக்க மருத்துவர் அந்தக் கையைப் பிடித்து மேஜையோடு கட்டிப்போட்டார்.

மூன்று வருஷத்துக் கோபத்தையும் சேர்த்து முறுக்கினாள் மூன்றாமாண்டுக்காரி. கடைசி ஸ்க்ரூவரை எல்லாமே நச்சென்று உட்கார்ந்தன. எக்ஸ்ரே படத்தைக் காட்டியபோது இங்ககுடு வெகுநேரம் குறை தேடினார். கிடைக்கவில்லை.

"சரி, தேர்வுக்குப் போய்த் தொலை" என்றார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தையல் போட்டு, கையுறையைக் கழற்றி, நிமிர்ந்து நடந்தாள். வாசலில் நர்ஸ் வழிமறித்தார்.

"தரையைப் பார்த்து நடங்க டாக்டர். 'இங்க குடு'ன்னு அந்தக் கடைசி ஸ்க்ரூவையும் பிடுங்கி நீங்களே போட்டீங்கள்ல, உங்க கை உடையணும்னு அந்தப் பொண்ணு இப்பத்தான் என்கிட்ட சொல்லிட்டுப் போகுது."