கைப்பேசியை வாங்கிக்கொள்ளும் உபகாரி

உதவி செய்பவர்களில் ஒரு வகை உண்டு. ‘இதை எப்படிச் செய்வது?’ என்று நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் உங்கள் கைப்பேசி அவர் கையில் இருக்கும். கட்டைவிரல் நாலு இடத்தில் துள்ளும். ‘முடிஞ்சுது’ என்று திருப்பித் தருவார். என்ன முடிந்தது? அதைக் கேட்பது மரியாதையில்லை.

எங்கள் ஊரில் இந்த வகைக்கு எவுலாலியோ என்று பெயர். வீட்டுக்கு வீடு அதிவேக இணையம் வந்ததும், அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்க நகராட்சி அவரை இணைய மையத்தில் உட்கார வைத்தது. அதன் வாசலில்தான் நான் சீபா ரொட்டிக் கூடையோடு உட்காருகிறேன். ரொட்டி வாங்குகிறவர்கள் என்னோடு பேசுவதில்லை, ஆகவே பார்ப்பதற்கு நிறைய நேரம்.

வகுப்பு எப்படி நடக்கும் தெரியுமா? வந்தவர்கள் வட்டமாக அமர்ந்து தெரெரே என்னும் குளிர்ந்த மூலிகைப் பானக் கோப்பையைக் கைமாற்றிக் குடித்துக்கொண்டிருக்க, எவுலாலியோ அத்தனை கைப்பேசிகளையும் வாங்கி, அவரவர் பெயரில் கணக்குத் திறந்து, கடவுச்சொல்லைத் தானே போட்டு, ரகசிய எண் வந்து யாரையும் தொந்தரவு செய்யக் கூடாதே என்று எல்லாவற்றுக்கும் தன் கைப்பேசி எண்ணையே கொடுத்து, வியர்வையைத் துடைத்தபடி திருப்பித் தருவார். எல்லோரும் கைதட்டுவார்கள். ஊரே இணையத்துக்கு வந்துவிட்டது. ஒரே ஆள் வழியாக.

மரவள்ளி பயிரிடும் ஞா பெத்ரோனா (வயதில் மூத்த பெண்களை நாங்கள் ‘ஞா’ போட்டுத்தான் அழைப்போம்) ஒருநாள் தன் கடவுச்சொல் என்னவென்று கேட்டாள்.

“உங்களுக்கு எதுக்குக்கா அந்தத் தலைவலி? என் மண்டையில பத்திரமா இருக்கு.”

அந்த அம்மாளின் இரண்டு கண்ணிலும் புரை. நெடுநாள் காத்திருந்து அறுவைச் சிகிச்சைக்கு இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் கைப்பேசியில் உறுதி செய்யவேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அதே காலையில் எவுலாலியோ தலைநகர் அசுன்சியோனில் மேடையேறியிருந்தார். டிஜிட்டல் இடைவெளியை மூடியதற்காக விருது. மையத்தின் பெரிய திரையில் நேரலை, ஊரே கூடியிருந்தது.

முன்வரிசையில் ஞா பெத்ரோனா கைப்பேசியை மூக்கருகே வைத்து ஒரு பொத்தானை அமுக்கினாள். ரகசிய எண் அனுப்பப்பட்டது என்று வந்தது. யாருக்கு? மேடையில் இருப்பவரின் கால்சட்டைப் பைக்கு. அழைத்துப் பார்த்தார்கள், அணைத்து வைத்திருந்தார். திரையில் அவர் ஒலிவாங்கியைப் பிடித்து, “எங்க ஊர்ல இப்போ எல்லாரும் அவங்கவங்க கையாலயே செய்யறாங்க” என்றார். அங்கே கைதட்டல்.

“அதோ தெரியுது பாருங்க அந்தப் பாக்கெட்டு, அதுக்குள்ளதான்க்கா உங்க கண்ணு இருக்கு” என்றார் பக்கத்திலிருந்த கசாப்புக்கடை அன்செல்மோ. யாரும் சிரிக்கவில்லை. நண்பகல் ஆயிற்று. இடம் போயிற்று.

மறுநாள் கேடயத்தோடு வந்தவருக்கு உண்மையாகவே மனவருத்தம். முந்தின நாளே தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அங்கலாய்த்தார். புது இடம் கேட்டுத் தருவதாகக் கையை நீட்டினார். ஞா பெத்ரோனா கைப்பேசியை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

“நீ வாயால சொல்லுப்பா. நான் அமுக்கறேன். மொதல்ல உன் நம்பர எடுத்துட்டு என் நம்பரப் போடறது எப்படின்னு சொல்லு.”

அன்று அந்த மனிதர் பட்ட பாடு! அவள் தப்பாக அமுக்கினாள், பின்னால் போனாள், முதலிலிருந்து தொடங்கினாள். அவர் கை தானாக நீண்டது, இழுத்துக்கொண்டார். கைகளைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்து பார்த்தார். முடியாமல் வெளியே வந்து என்னிடம் ஒரு சீபா வாங்கி, தின்னாமல் தூளாக்கிவிட்டு உள்ளே போனார். கடைசியில் ரகசிய எண் வந்தது, அவளுடைய கைப்பேசிக்கே. புது இடம் குளிர்காலம் முடிந்துதான். அதுவரை மரவள்ளியைத் தடவித் தடவித்தான் பிடுங்கவேண்டும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்புறம் உங்கள் கைப்பேசியைக் கொஞ்சம் திறந்து, அதில் வந்து குவிந்திருக்கும் ரகசிய எண்களைப் பாருங்கள். அவற்றில் எத்தனை உங்கள் அம்மாவுடையவை?