ஒன்றும் வாசிக்காத ஒரு நிமிடம்

ஒரு சுரம்கூட வாசிக்காமல் மூவாயிரம் பேரை எழுந்து நிற்க வைத்தவர் நம் பேஸ் கித்தார்க்காரர். மூவாயிரம் நாற்காலிகளும் ஒரே நேரத்தில் மடங்கிய அதிர்ச்சியில் அரங்கத்துக் கடிகாரம் நாலு நிமிடம் முன்னால் ஓடிப்போய்விட்டது. நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம். ஆனால் முதல் இடம் காலியில்லை, அவருடைய மைத்துனர் பிடித்துவிட்டார்.

மைத்துனருக்கு எடை அளவு அலுவலகத்தில் உத்தியோகம். கடைத் தராசுகளைச் சோதித்துச் சோதித்து, அக்காவைக் கட்டியவரைக்கூட முத்திரை பார்த்துத்தான் நம்புவார். அன்று மாலை, கித்தாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தவரிடம் வந்து நின்றார்.

"அத்தான், எங்க ஸ்டோர்ல ஆள் கேக்கறாங்க. உங்களுக்காகச் சொல்லி வெச்சிருக்கேன். திங்கக்கிழமை சேரணும். என்ன சொல்றீங்க?"

"கச்சேரி முடிஞ்சு சொல்றேன்."

"கச்சேரிக்கும் ஸ்டோருக்கும் என்ன அத்தான் சம்பந்தம்?"

சம்பந்தம் இருந்தது. அது வீட்டம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் மாலை ஷிப்ட் நர்ஸ். அவர் மேடையில் நிற்கும் நேரமெல்லாம் அவள் வார்டில் நிற்பாள்.

"இன்னைக்கும் பேரைச் சொல்லலேன்னா விட்டுடறேன்" என்றார் அவளிடம், தாழ்ந்த குரலில்.

"நேராக் கேட்டாத்தான் என்ன? வாயில கொழுக்கட்டையா?"

"கேட்டு வாங்கினா அது மரியாதையா?"

"இருபத்து மூணு வருஷம் கேக்காம இருந்து என்ன வாங்கினீங்க?" என்று சீருடையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

விஷயம் இதுதான். கடைசிப் பாட்டுக்கு முன்னால் பாடகர் குழுவை அறிமுகப்படுத்துவார். புல்லாங்குழல், கித்தார், கீபோர்டு, கடைசியில் டிரம்ஸ். ஒவ்வொருவர் பேரும் சொல்ல, அவரவர் கொஞ்சம் வாசித்துக் கைதட்டு வாங்குவார்கள். அத்தனைக்கும் அடியில் நம்மவர் மெதுவாக வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். டிரம்ஸ்காரர் வானத்தை இடித்துத் தள்ளியதும் பாடகர் திரும்பாமலே இடது கையைப் பின்னால் வீசுவார். உடனே நம்மவர் கடைசிப் பாட்டைத் தொடங்குவார், ஏனென்றால் அது பேஸில்தான் தொடங்கும். இப்படியே ஆயிரத்து நானூறு கச்சேரி. நாலு பேருக்கு அறிமுகம், ஐந்தாமவருக்குப் புறங்கை.

தரையை யாராவது பாராட்டுவார்களா? மாடி அழகு, ஜன்னல் அழகு என்பார்கள். தரைக்கு மிஞ்சினால் பெருக்குமாறு. இப்படியெல்லாம் அவர் யோசித்துக்கொண்டே வாசிப்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது. பார்ப்பவர்களுக்கு ஞானி மாதிரி இருக்கும்.

அன்று அரங்கில் யாரும் வருவதற்கு முன் ஒரு துண்டுக் காகிதம் எடுத்தார். தன் பேரைத் தானே எழுதக் கை கூசியது. 'பின்வரிசை, இடது ஓரம். மறக்காதீங்க' என்று மட்டும் எழுதி, பாடகரின் பாட்டுப் புத்தகத் தாங்கியில் செருகினார். மேடையில் அவர் நிற்பது அங்கேதான்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் பாடகர் அதைப் பார்த்தார். கண் கலங்கினார். மைக்கைப் பிடித்தார்.

"பின்வரிசை, இடது ஓரம்! உங்களை நான் மறப்பேனா? இந்தப் பாட்டு உங்களுக்காக!"

பார்வையாளர்களில் பின்வரிசை இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்த நாற்பது பேர் ஆனந்தத்தில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். பாட்டு முடிந்ததும் வலது ஓரம் எழுந்தது.

"அப்போ நாங்க என்ன, வாடகைக்கு வந்தவங்களா?"

அவர்களுக்கும் ஒரு பாட்டு. நடுவரிசைக்குக் கோபம், அவர்களுக்கு ஒன்று. மாடிக்காரர்கள் காலால் தரையைத் தட்ட, அவர்களுக்கு ரெண்டு. திரைச்சீலை ஓரத்தில் அரங்க மேலாளருக்குக் கைக்கடிகாரத்தைக் காட்டிக் காட்டி மணிக்கட்டே வீங்கிவிட்டது. கடைசியில் பாடகரின் காதில் வந்து சொன்னார்.

"நேரம் இல்ல சார். அறிமுகத்தை விட்டுடுங்க. நேரா கடைசிப் பாட்டு."

அது காதில் விழுந்த நம்மவர் திரும்பினார். பக்கத்தில் டிரம்ஸ்காரர்.

"தம்பி, அறிமுகம் இல்லையாமே?"

"அதனால உங்களுக்கு என்னண்ணே? நீங்கதான் இதுக்கெல்லாம் ஆசைப்படாத ஆளாச்சே!" என்று சிரித்தார் அவர்.

சுருக்கென்றது. குத்திக்காட்டுகிறானா இவன்? நம்மவர் கூச்சத்தை உதறினார். பாடகர் திரும்பிய ஒரு நொடியில் தன் மார்பைத் தொட்டு, ஒரு விரலை மேலே தூக்கிக் காட்டினார். 'என்னையும் ஒரு தடவை சொல்லுங்க' என்று அர்த்தம்.

மேடை பாஷையில் விரலை மேலே தூக்கினால் ஒரே அர்த்தம்தான்: என் சத்தத்தைக் கூட்டு. பாடகர் அதே விரலை ஒலிப் பலகைக்காரருக்குக் காட்டினார். அவர் கடமை தவறாதவர், கூட்டினார்.

அடுத்த அடிக்கு முன்வரிசையில் பதினேழு மூக்குக்கண்ணாடிகள் மூக்கிலிருந்து இறங்கின. ஒரு பெரியவரின் பல்செட் அவர் அனுமதி இல்லாமல் தாளம் போட்டது. நம்மவர் பதறி, 'வேண்டாம், வேண்டாம்' என்று தலையை ஆட்டினார். தலையாட்டி ரசிக்கிறார் என்று ஒலிக்காரர் இன்னும் ஒரு பிடி ஏற்றினார். முழங்காலுக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கர் அவருடைய காலுறையைக் கணுக்கால் வரை கழற்றிவிட்டது. அது ஓயும்வரை இடி விழுந்தாலும் அவர் காதில் விழாது.

அந்த அமளியில் பாடகர் மேலாளரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "என் பசங்களை அறிமுகம் பண்ணாம நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன். மன்னிச்சுடுங்க" என்று மைக்கிலேயே சொன்னார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

உதட்டசைவிலிருந்து விஷயத்தைப் புரிந்துகொண்ட நம்மவர் கசப்பாக நினைத்தார்: பசங்க என்றால் நாலு பேர்.

புல்லாங்குழல் போனது. கித்தார் போனது. கீபோர்டு போனது. டிரம்ஸ்காரர் ஆரம்பித்தார். விரல்கள் வழக்கம்போல் கம்பியில் நடந்துகொண்டிருந்தன. திங்கட்கிழமையிலிருந்து இந்த விரல்கள் ஸ்டோரில் எடைக்கற்களை எண்ணப்போகின்றன. அதில் வருத்தம்கூட வரவில்லை. இத்தனை வருடம் இங்கே நின்றேன் என்று யாராவது ஒருவர் அறிந்தால் போதும் என்றிருந்தது. தரை ஒரே ஒரு நாள் லீவு எடுத்தால்?

டிரம்ஸ் இடித்து முடித்தது. இடது கை பின்னால் வீசியது.

நம்மவர் கம்பியிலிருந்து விரலை எடுத்தார்.

ஒன்றும் இல்லை. பாட்டு தொடங்கவில்லை. கீபோர்டுக்காரர் விரல் அந்தரத்தில் நின்றது. டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே போட்டார். மூவாயிரம் பேர் மூச்சை உள்ளே இழுத்ததில் திரைச்சீலை முன்னால் சாய்ந்தது. தொலைந்தோம், வேலையும் போச்சு, மானமும் போச்சு என்று அவர் நினைத்த கணத்தில், அந்தப் பேரமைதியில், மைக்கில் ஒரு பேர் கேட்டது.

அவருடைய பேர். அப்பா பேரின் முதலெழுத்தோடு, முழுசாக.

பாடகர் திரும்பிப் பார்த்தார். வாய் பிளந்தார். பிறகு மைக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைதட்ட ஆரம்பித்தார். முன்வரிசை எழுந்தது. நடுவரிசை எழுந்தது. பின்வரிசை இரண்டு ஓரமும் சண்டையை மறந்து எழுந்தன. ஒரு நிமிடம் முழுக்கக் கைதட்டல். நம்மவர் கித்தாரைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார். அதற்குப்பின் அவர் வாசித்த கடைசிப் பாட்டில் அரங்கம் அரையடி உயர்ந்து உட்கார்ந்தது என்பார்கள். நான் கால் அடி என்றே வைத்துக்கொள்கிறேன், எதற்கு மிகைப்படுத்த வேண்டும்?

இறங்கும்போது பாடகர் அவரைத் தோளோடு அணைத்தார். "இன்னைக்குத்தான்யா எனக்கு மனசு நிறைஞ்சுது" என்றார்.

வெளியே நடைபாதையில் மைத்துனர் காத்திருந்தார். நம்மவர் பத்து வயது குறைந்தவராக நடந்து வந்தார்.

"திங்கக்கிழமை வரலை மச்சான். வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லு."

"ம்."

"பாத்தியா? ஒரே ஒரு நிமிஷம் நிறுத்தினேன். இருபத்து மூணு வருஷமா சொல்லாத பேரைச் சொல்ல வெச்சேன்! அத்தனை பேரும் எழுந்து நின்னாங்களா இல்லையா? உன் முத்திரையைக் குத்திச் சொல்லு!"

மைத்துனர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நின்னாங்க அத்தான், ஒத்துக்கறேன். ஏன் நிக்கறாங்கன்னு பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டேன். 'ஒவ்வொரு கச்சேரியிலயும் கடைசியா இவர் பேரைத்தான் சொல்வார், சொல்லி வாய் மூடறதுக்குள்ள இந்த அடக்கமான மனுஷன் பாட்டை ஆரம்பிச்சு அமுக்கிடுவார், ஒரு தடவையாவது கைதட்ட விடமாட்டாரான்னு வருஷக்கணக்கா காத்துக்கிட்டிருந்தோம்'னாரு."