வேலி மணியடித்த நாள்

உன் குக்கர்தானே மாலினி, எங்க ஓடிப்போகுது? உள்ள பருப்பு வேகுது. மூணு விசில் வரட்டும், உட்காரு. ஆனா ஒண்ணு, வேலிக்கு மேலால கை நீட்டி வாங்காதே. வாசல் வழியாத்தான் எடுத்துட்டுப் போகணும். சிரிக்காதடி, எங்க வீட்டுல அது சட்டம். நான் அடிச்ச கூத்துல வந்த சட்டம்.

நம்ம தீவு சுதந்திரம் வாங்குறதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னால. இந்த செமின் கிரனியே ஊருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதுசு. ஆராய்ச்சி பண்ண ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தாரு, மிசியேன்னு கூப்பிடுவோம். நம்ம சீனி கப்பல்ல போகுதில்ல, பதிலுக்குக் கப்பல்ல வர்றதுல கரும்பு வெட்டுறவன் வீட்டுக்கு எது வந்து சேருது, அதுல எத இந்தத் தீவுலயே செஞ்சுக்கலாம்னு வீடு வீடாப் பாத்து எழுதுவாராம். (அரிசி, மண்ணெண்ணெய், சார்டின் டின். என்னைக் கேட்டா ஒரே மூச்சுல சொல்லியிருப்பேன்.)

கூட நடந்து பேச்சை எடுத்துச் சொல்ல அவருக்கு ஒரு ஆள் வேணும். எங்க வீட்டுக்காரருக்குக் கால் மேல கரும்பு வண்டி ஏறி முழங்கால் போயிருந்துச்சு. மறுபடி தோட்ட வேலைக்குக் குனிஞ்சா நிமிர மாட்டாரு. அதனால இந்த வேலையைப் போய்க் கேட்டாரு. "இன்னிக்கு ஒரு நாள் பாக்குறேன். சரிப்பட்டா பெல் ஒம்ப்ர் ஊர் வரைக்கும் நீதான்"னாரு மிசியே. முதல் வீடு எங்களுது.

நான் சும்மா இருப்பேனா? கோயில் விசேஷம்னா அக்கம்பக்கத்துல பித்தளைத் தாம்பாளம் வாங்கி அடுக்குறோமில்ல? அதே மாதிரி பக்கத்து வீட்டு தேவகி அக்காவோட சுவர்க் கடிகாரத்தையும் ரேடியோவையும் வாங்கி வச்சேன். மிசியே எழுதிக்கிட்டே இருந்தாரு. எனக்கு எழுத்துத் தெரியாது. நிறைய எழுதினா நிறைய சந்தோஷம்னு நெனச்சேன்.

அடுத்தது தேவகி அக்கா வீடு. அவரு வாசல் வழியாப் போறதுக்குள்ள, சாமான் வேலிக்கு மேலால போயிடுச்சு. அங்க கடிகாரத்தைப் பாத்ததும் எங்க வீட்டுக்காரர் முகம் வெளுத்துப்போச்சு. அது வேலி தாண்டிப் போகும்னு அவருகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லல!

மூணாவது வீட்டு அஞ்சலை மாமி எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்திருக்கு. "ஏண்டி, எனக்கு மட்டும் மானம் இல்லையா? தள்ளு அத இப்படி!"

அக்கா இந்தப் பக்கம், மாமி அந்தப் பக்கம், கடிகாரம் நடு வேலியில. அப்பப் பாத்து அடிச்சுது பாரு! மத்தியானம் ரெண்டு மணிக்கு, டங் டங்னு ஒம்போது. மிசியே கைக்கடிகாரத்தைப் பாத்தாரு. வேலியப் பாத்தாரு.

"கோயில் மணிங்க"ன்னுது மாமி.

"மாமி, கோயில் அந்தப் பக்கம்"னாரு எங்க வீட்டுக்காரர். பெறகு தொப்பியக் கழட்டிக்கிட்டு, "மிசியே, கடிகாரம் ஒண்ணுதான். எங்க வீட்டுல எழுதினத அடிச்சிடுங்க"ன்னுட்டாரு.

ஐயோ, எனக்கு உசிரே இல்ல. அவரு வேலையை நானே என் கையால வேலிக்கு மேலால தூக்கிக் குடுத்துட்டேன்னு அழுதேன்.

மிசியே புத்தகத்தைப் பின்னால புரட்டிக்கிட்டே போனாரு. "போன ஊர்ல எல்லா வீட்டுலயும் ஒரே ரோசாப்பூ டீ செட்டு பாத்தேன். கப்பல்ல அது ஒண்ணுதான் வருதுன்னு எழுதி வச்சிருக்கேன்"னாரு. சொல்லிட்டு, உக்காந்து சிரிச்சாரு பாரு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு! எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னாரு: "நாளையிலேர்ந்து நீ என்கூட வாசல் வழியா வராதே. பின்னால வேலியோரமா நின்னு, என்ன போகுது, என்ன வருதுன்னு பாத்துச் சொல்லு."

எங்க வீட்டுக்காரர் பெல் ஒம்ப்ர் வரைக்கும் நடந்தாரு. பெறகு அந்த முழங்கால் கரும்புக்குக் குனியவே இல்ல. இப்பவும் பேரன் புதுசா எது வாங்கிட்டு வந்தாலும் வீடே கேக்கும்: "வாசல் வழியா வந்துதா, வேலி வழியா வந்துதா?"

அடியே, விசில் எத்தனை ஆச்சு? நீயும் எண்ணலையா? கருகுற வாசனை வருதே! இரு, இரு, தேய்ச்சுக் கழுவித் தர்றேன். நீ முன்னாடி போய் வாசல்ல நில்லு!